மாண்டோரை எண்ணி வாழ்வோரைக் காத்தவர்

நோய் வந்தபின் மருந்து கொடுத்துக் காப்பாற்றுபவரை நாம் மருத்துவர் என்கிறோம். நோய் எந்த வழியாக வருகிறது என்று தேடிக் கண்டு, அந்த வழியையே அடைக்க முயல்பவரை எப்படி அழைப்பது? அவரும் மருத்துவரே. ஆனால் அவரால் பிழைத்தவர்களுக்குத் தாம் பிழைத்தோம் என்பதே தெரியாது. ஆகவே அவருக்கு நன்றி சொல்ல யாரும் வருவதில்லை. அத்தகைய மருத்துவர்களுள் முன்னோடியாக விளங்கிய டாக்டர் ஜான் ஸ்நோவின் வாழ்க்கையை இங்கே காண்போம். கத்தியும் மருந்துப் புட்டியும் அவரிடம் இருந்தன. அவற்றோடு ஓர் இறப்புப் பட்டியலும், ஒரு தெருப்படமும், சலிக்காமல் நடக்கும் இரு கால்களும் அவருக்குக் கருவிகளாயின.

ஏழை வீட்டுத் தலைப்பிள்ளை

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அந்நகரில் ஊஸ் ஆற்றையடுத்த எளியோர் வாழும் தெரு ஒன்றில், 1813-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் ஜான் ஸ்நோ பிறந்தார். தந்தை கூலி வேலை செய்தவர். பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களுள் மூத்தவர் ஜான். கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்த அக்குடும்பத்தில் பெற்றோர் மகனைப் பள்ளிக்கு அனுப்பினர். அங்கே அவருக்குக் கணக்குப் பாடத்தில் தனி ஆர்வம் பிறந்தது. பிற்காலத்தில் அந்தக் கணக்குத்தான் அவருக்குக் கைகொடுத்தது.

1827-ஆம் ஆண்டு, பதினான்காம் வயதில், நியூகாசில் நகரத்து அறுவை மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்நாளில் மருத்துவம் கற்க அதுவே வழக்கமான வழி. பதினேழாம் வயதில் புலால் உண்பதை நிறுத்தினார். பின்னர் மதுவையும் தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் இது யாருக்கும் வியப்பளிக்காது. ஆனால் அக்கால இங்கிலாந்தில் இப்படி வாழ்ந்த இளைஞரை ஊரார் விந்தையாகவே பார்த்தனர். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பாராமல், தமக்குச் சரியெனப் பட்டதைச் செய்யும் குணம் அப்போதே அவரிடம் வேரூன்றி விட்டது.

சுரங்கத்தில் கண்ட காட்சி

1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா நோய், கப்பல் வழியாகவும் தரை வழியாகவும் நாடு நாடாகப் பரவி, 1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை எட்டியது. வாந்திபேதி என்று நம் பாட்டிமார் அஞ்சிப் பேசிய நோய் இதுதான். காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் உடலின் நீரெல்லாம் வற்றி இறந்து போவார். அந்நோய் நியூகாசிலை அடுத்த கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்திலும் புகுந்தது. நோயாளிகளைக் கவனிக்க ஜான் அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. தனியாளாக இரவு பகல் பாராது உழைத்தார். ஆயினும் அவர் கையிலிருந்த மருந்துகளால் பெரிய பயன் விளையவில்லை.

ஆனால் அவர் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளர் பல மணி நேரம் அங்கேயே இருப்பர். உள்ளே கழிப்பிடம் கிடையாது. கை கழுவத் தண்ணீரும் கிடையாது. இருட்டில் அந்தக் கையாலேயே கொண்டுபோன உணவை எடுத்து உண்பர். இக்காட்சி அவர் மனத்தில் பதிந்தது. இதன் பொருளை அவர் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இலண்டனில் ஒரு மருத்துவர்

1836-ஆம் ஆண்டு ஜான் ஸ்நோ மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். வழியில் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். 1838-இல் மருத்துவத் தொழிலுக்குரிய தகுதி பெற்று, சோஹோ என்ற நெருக்கமான பகுதியில் குடியேறி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1844-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்றார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மெல்லிய குரலும் கூச்ச சுபாவமும் உடையவர். பெரிய வருமானமும் அவருக்கு இல்லை.

1846-இல் அமெரிக்காவில் ஈதர் என்னும் ஆவியைக் கொண்டு நோயாளியை மயக்கி, வலியின்றி அறுவை செய்யும் முறை கண்டறியப்பட்டது. அது இங்கிலாந்துக்கு வந்ததும் பல மருத்துவர்கள் அதை ஏனோதானோ என்று கையாண்டனர். டாக்டர் ஸ்நோ அவ்வாறு செய்யவில்லை. எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு ஆவி காற்றில் கலக்கிறது என்று அளந்து, அட்டவணை தயாரித்து, அளவோடு கொடுப்பதற்கான கருவியையும் அமைத்தார். பின்னர் குளோரோபாரம் வந்தபோது அதிலும் தேர்ச்சி பெற்றார். 1853-இல் விக்டோரியா அரசியார் தம் எட்டாவது குழந்தையைப் பெற்றபோது குளோரோபாரம் கொடுக்க அழைக்கப்பட்டவர் இவர்தாம். 1857-இல் அரசியாரின் கடைசிக் குழந்தை பிறந்தபோதும் இவரே சென்றார். கூலிக்காரரின் மகன் அரண்மனைக்குள் நுழைந்தார். அதைக் கண்டு, பிரசவ வேதனையைத் தணிப்பது தவறோ என்று தயங்கிய தாய்மார் பலருடைய தயக்கமும் நீங்கியது.

கெட்ட காற்றா, கெட்ட நீரா?

அக்காலத்து அறிஞர்கள் காலராவுக்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பினார்கள். சாக்கடையிலிருந்தும் அழுகிய குப்பையிலிருந்தும் எழும் நாற்றமே நோயை உண்டாக்குகிறது என்பது அவர்கள் முடிவு. இதில் வியப்பில்லை. நாற்றம் வீசும் இடங்களில்தான் நோயும் மிகுதியாக இருந்தது. கிருமிகள் நோயை உண்டாக்கும் என்ற அறிவு அப்போது நிலைபெறவில்லை.

டாக்டர் ஸ்நோவுக்கு இது பொருத்தமாகப் படவில்லை. ஆவிகளைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். ஆவி பரவப் பரவ அதன் வலிமை குறையும். நாற்றந்தான் காரணமென்றால், நாற்றத்துக்கு மிக அருகில் தொழில் செய்பவர்கள் முதலில் மடிய வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை. மேலும் காற்றின் வழியாக வரும் நஞ்சு முதலில் நுரையீரலைத் தாக்க வேண்டும். காலராவோ முதலில் குடலைத் தாக்குகிறது. குடலைத் தாக்கும் நஞ்சு வாய் வழியாகத்தானே உள்ளே போயிருக்க வேண்டும்? கில்லிங்வொர்த் சுரங்கத்தின் கழுவாத கைகள் அவர் நினைவுக்கு வந்தன. நோயாளியின் கழிவு ஏதோ ஒரு வழியில் குடிநீரிலோ உணவிலோ கலந்து மற்றவர் வயிற்றுக்குள் போகிறது என்று அவர் முடிவு செய்தார்.

1848, 1849 ஆண்டுகளில் பரவிய காலரா, இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 50,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அப்போது, 1849-இல், டாக்டர் ஸ்நோ தம் கருத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். கருத்து புதிதாக இருக்கிறது, ஆனால் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மருத்துவ உலகம் ஒதுக்கியது. அந்தக் குறையில் நியாயம் இருந்தது. அதை அவரும் உணர்ந்தார். வாதம் மட்டும் போதாது, சான்று வேண்டும். சான்றைத் தேடி அவர் ஐந்தாண்டுகள் காத்திருந்தார்.

ஒரே தெரு, இரண்டு தண்ணீர்

1854-இல் இலண்டனில் மீண்டும் காலரா தலைகாட்டியது. தேம்ஸ் ஆற்றின் தென்கரைப் பகுதிகளுக்கு இரண்டு கம்பெனிகள் குழாய் வழியாகத் தண்ணீர் விற்று வந்தன. ஒன்று சதர்க்–வாக்ஸ்ஹால் கம்பெனி. மற்றொன்று லாம்பெத் கம்பெனி. 1849-இல் இரண்டுமே நகரத்துச் சாக்கடைகள் கலக்கும் இடத்திலிருந்துதான் நீர் எடுத்தன. 1852-இல் லாம்பெத் கம்பெனி மட்டும் ஆற்றின் மேற்புறத்தில், நகரத்தின் கழிவு எட்டாத தேம்ஸ் டிட்டனுக்குத் தன் நீரேற்று நிலையத்தை மாற்றிக்கொண்டது. மற்றக் கம்பெனி பழைய இடத்திலேயே இருந்தது.

இரு கம்பெனிகளின் குழாய்களும் ஒரே தெருக்களில் ஓடின. இந்த வீட்டுக்கு ஒரு தண்ணீர், அடுத்த வீட்டுக்கு வேறு தண்ணீர். பணக்காரரும் ஏழையும், ஆணும் பெண்ணும், முதியவரும் குழந்தையும் இரு பக்கத்திலும் கலந்திருந்தனர். எல்லோரும் சுவாசித்த காற்று ஒன்றே. வேறுபட்டது தண்ணீர் மட்டுமே. எந்தச் சோதனைச் சாலையிலும் அமைக்க முடியாத ஒரு பரிசோதனை, 300,000 பேரை வைத்து, யாரும் திட்டமிடாமலே நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுகொண்டவர் டாக்டர் ஸ்நோ.

இறந்தவர்களின் பட்டியல் அவருக்கு வேண்டியிருந்தது. அதைக் கொடுத்து உதவியவர், தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் புள்ளி விவரங்களைக் கவனித்து வந்த டாக்டர் வில்லியம் ஃபார். இவர் அப்போது கெட்ட காற்றுக் கொள்கையை நம்பியவர். ஆயினும் தம் கருத்துக்கு மாறானவர் கேட்கிறார் என்று பாராமல், விவரங்களை மறைக்காது கொடுத்தார். அவருடைய பெருந்தன்மையையும் நாம் மறக்கலாகாது.

பட்டியலைக் கையில் கொண்டு டாக்டர் ஸ்நோ வீடு வீடாக ஏறி இறங்கினார். உங்கள் வீட்டில் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. வாடகை வீடுகளில் தண்ணீர்க் கட்டணத்தை வீட்டுக்காரர் செலுத்தியதே காரணம். இதற்கும் அவர் ஒரு வழி கண்டார். நகரத்து ஆற்று நீரில் உப்பு மிகுதி. மேற்புற நீரில் உப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் சுமார் 40 மடங்கு வேறுபாடு. வீட்டுத் தண்ணீரைச் சிறு புட்டியில் பிடித்து, அதில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சில துளிகள் விட்டால், உப்பு மிகுந்த நீர் பால்போல் வெளுத்துவிடும். வேதியியல் பாடத்தில் நாம் செய்யும் அதே சோதனைதான்.

முதல் ஏழு வாரக் கணக்கு முடிந்தது. சதர்க்–வாக்ஸ்ஹால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்திருந்தனர். லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 பேர் இறந்திருந்தனர். பத்தாயிரம் வீடுகளுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால், முன்னதில் 315, பின்னதில் 37. வெறும் இறப்பு எண்ணிக்கையோடு நில்லாமல், எத்தனை வீடுகளுக்கு எத்தனை இறப்பு என்று அவர் வகுத்ததை நாம் கவனிக்க வேண்டும். வகுத்தல் கணக்கு ஒன்று உலகத்துக்கு உண்மையை எடுத்துக் காட்டியது.

பிராட் தெருவின் பத்து நாள்கள்

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் வீட்டிலிருந்து சற்று தூரத்தில் பெருந்துன்பம் ஒன்று நிகழ்ந்தது. 1854 ஆகஸ்டு 31-ஆம் நாள் இரவு, சோஹோவின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாள்களில் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடும்பம் குடும்பமாக இறந்தனர். பிழைத்தவர்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஓடினர்.

பிராட் தெருவில் ஒரு பொதுக் கிணறும் அதன்மேல் ஒரு கைப்பம்பும் இருந்தன. டாக்டர் ஸ்நோவின் ஐயம் அதன்மேல் விழுந்தது. ஆனால் நீரைப் பிடித்துப் பார்த்தபோது அது தெளிவாகவே இருந்தது. குளிர்ந்த நல்ல தண்ணீர் என்று அதற்குப் பெயர். பக்கத்துத் தெருக்காரரும் அதைத் தேடி வருவார்கள். அவர் சற்றுத் தயங்கினார். கண்ணுக்குத் தெரியாததைப் பட்டியல் காட்டட்டும் என்று மீண்டும் பதிவாளர் அலுவலகம் சென்றார்.

அவ்வாரத்தின் கடைசி மூன்று நாள்களில் பதிவான காலரா இறப்புகள் 83. அந்த வீடுகள் ஒவ்வொன்றையும் விசாரித்தார். அவற்றுள் 73 இறப்புகள் பிராட் தெருப் பம்புக்கு அண்மையில் நிகழ்ந்தவை. எஞ்சிய 10 பேர் வேறு பம்புகளுக்கு அருகில் வாழ்ந்தவர்கள். நம்மில் பலர் இந்த இடத்தில் விசாரணையை முடித்திருப்போம். எழுபத்து மூன்று போதாதா? அவரோ அந்தப் பத்துப் பேரைத் தேடிப் போனார். அவர்களுள் ஐவரின் வீட்டார், அண்மையிலிருந்த பம்பை விட்டுவிட்டு, சுவைக்காகப் பிராட் தெருத் தண்ணீரையே வரவழைத்துக் குடித்தவர்கள். மூவர் குழந்தைகள், பிராட் தெருப் பம்புக்கு அருகிலிருந்த பள்ளிக்குப் போய் வந்தவர்கள். விதிவிலக்கு என்று தோன்றியதே சான்றாகிவிட்டது.

1854 செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை, அவ்வட்டாரத்து நிர்வாகக் குழுவினர் கூடியிருந்த இடத்துக்கு அவர் சென்று, தாம் கண்டதை எடுத்துரைத்தார். அவர்கள் முழுவதும் நம்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்ற உத்தரவிட்டார்கள். கைப்பிடி கழன்றது. பம்பு ஊமையாயிற்று.

இதோடு காலரா அன்றே ஓடிவிட்டது என்று சிலர் கதையாகச் சொல்வதுண்டு. உண்மை அப்படியன்று. மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடிவிட்டதால் நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. இதை முதலில் எழுதி ஒப்புக்கொண்டவர் டாக்டர் ஸ்நோவேதான். புகழுக்காக உண்மையை வளைக்க அவர் விரும்பவில்லை.

தெருப்படம் பேசிய உண்மை

நோய் தணிந்தபின் அவர் ஒரு தெருப்படத்தை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் இறப்புக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு. எந்த வீட்டில் இறப்பு நேர்ந்ததோ அந்த வீட்டின் முன் அந்தக் கோடு. ஒரே வீட்டில் பலர் இறந்திருந்தால் கோடுகள் செங்கல்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அப்பகுதியின் பம்புகளும் குறிக்கப்பட்டன. 1855-இல் விரிவாக்கி வெளியிட்ட தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இப்படத்தைச் சேர்த்தார். பார்த்த மாத்திரத்தில் விளங்கியது: கோடுகள் எல்லாம் பிராட் தெருப் பம்பைச் சுற்றி மொய்த்தன, பிற பம்புகளை நெருங்க நெருங்க அருகின.

பின்னர் வரைந்த படத்தில் இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தார். பிராட் தெருப் பம்புக்கும் அடுத்த பம்புக்கும் சம தூரமான இடங்களை இணைத்து ஓர் எல்லைக் கோடு வரைந்தார். அந்தத் தூரத்தைக் காக்கை பறக்கும் தூரமாக அவர் கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவர் தெரு வழியே நடக்கும் தூரமாகக் கொண்டார். வாளியைச் சுமப்பவரின் கால்களை நினைத்து வரைந்த கோடு அது. இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் அடங்கின.

படத்தில் கோடுகள் இருந்த இடங்களைப் போலவே, இல்லாத இடங்களும் பேசின. பம்புக்கு அருகிலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழையர் விடுதி ஒன்று இருந்தது. அங்கே இறந்தவர்கள் ஐவர் மட்டுமே. விசாரித்தால், விடுதிக்குள்ளேயே சொந்தக் கிணறு இருந்தது தெரிந்தது. அதே தெருவில் ஒரு பீர் தொழிற்சாலை. 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர். காலராவால் ஒருவரும் இறக்கவில்லை. அவர்களுக்குப் பானம் ஆலையிலேயே கிடைத்தது. ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. ஆனால் துப்பாக்கி வெடிக்கேப்புகள் செய்யும் தொழிற்சாலையில் 18 தொழிலாளர் மாண்டனர். அங்கே பம்பின் நீரை இரண்டு தொட்டிகளில் நிரப்பிக் குடிக்க வைத்திருந்தார்கள்.

இன்னும் ஒரு சான்று. தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு முதிய கைம்பெண் காலராவால் இறந்தார். அப்பகுதியில் வேறு யாருக்கும் நோயில்லை. அவர் முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர். அந்தத் தண்ணீரின் சுவையை மறக்க முடியாமல், நாள்தோறும் வண்டியில் ஒரு புட்டி நீரை வரவழைத்துக் குடித்து வந்தார். அவரைப் பார்க்க வந்த உறவுப் பெண்ணும் அதைக் குடித்தார். தம் ஊருக்குத் திரும்பி அவரும் இறந்தார்.

எதிர்த்தவரே துணையானார்

பிராட் தெருவை அடுத்த தூய லூக்கா ஆலயத்தில் ஹென்றி வைட்ஹெட் என்னும் இளம் ஆங்கிலிக்கன் உதவிக் குரு பணியாற்றி வந்தார். அந்தப் பத்து நாள்களும் ஊரைவிட்டு ஓடாமல், நோயாளிகளின் படுக்கையருகே இருந்து ஆறுதல் அளித்தவர். அவருக்குப் பம்புக் கொள்கையில் நம்பிக்கையில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தும் பிழைத்தவர்களை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். டாக்டரின் கருத்து தவறென்று காட்டிவிடலாம் என்றே அவர் தம் விசாரணையைத் தொடங்கினார்.

அங்கு வாழ்ந்த மக்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். சில வீடுகளுக்கு நான்கைந்து முறை போய்ப் பொறுமையாகக் கேட்டார். முடிவு அவரையே திகைக்க வைத்தது. பிராட் தெருவில் பம்பு நீரைக் குடித்தவர்கள் என்று தெரிந்த 137 பேரில் 80 பேருக்குக் காலரா கண்டிருந்தது. குடிக்காத 297 பேரில் 20 பேருக்கு மட்டுமே கண்டிருந்தது. தம் கருத்து தவறு என்பதை வைட்ஹெட் மறைக்கவில்லை, வெளிப்படையாக மாற்றிக்கொண்டார்.

அத்துடன் டாக்டர் ஸ்நோவுக்குக் கிட்டாத ஒன்றையும் அவர் கண்டுபிடித்தார். பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று, ஊரில் நோய் வெடிப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பே பேதி கண்டு, செப்டம்பர் 2-இல் இறந்திருந்தது. குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் முன்புறத்து மலக்குழியில் கொட்டியிருந்தார். தோண்டிப் பார்த்தபோது, குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரங்கூட இல்லை. குழியின் செங்கற்சுவர் உளுத்து, கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தாயைக் குறை சொல்ல நம்மால் முடியுமா? தன் குழந்தைக்காக எந்தத் தாயும் செய்யும் வேலையைத்தான் அவர் செய்தார். குற்றம் மண்ணுக்கடியில் மறைந்திருந்தது.

அக்குழந்தையின் தந்தையும் பின்னர் நோயில் விழுந்தார். அவர் நோயுற்ற நாள் செப்டம்பர் 8. பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள்! அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். கைப்பிடி மட்டும் கழற்றப்படாதிருந்தால், தணிந்துகொண்டிருந்த நோய் மீண்டும் பெருகியிருக்கக்கூடும். டாக்டரின் முயற்சி வீண்போகவில்லை என்பதை, அவரை மறுக்கப் புறப்பட்டவரே நிலைநாட்டினார். இருவரும் நண்பர்களாயினர்.

மறைவும் மறுமலர்ச்சியும்

இவ்வளவு சான்று இருந்தும் பெரியோர் மனம் மாறவில்லை. 1855-இல் அரசின் சுகாதார வாரியம் அமைத்த குழு, பம்புக் கொள்கையை ஏற்கக் காரணமில்லை என்று எழுதியது. பிராட் தெருப் பம்புக்கும் கைப்பிடி திரும்பப் பொருத்தப்பட்டது. நாற்றத்தால் நோயே வராது என்று டாக்டர் ஸ்நோ பாராளுமன்றக் குழுவின்முன் அழுத்திச் சொன்னதை மருத்துவப் பத்திரிகையொன்று கடுமையாக இடித்துரைத்தது.

1858 ஜூன் 10-ஆம் நாள், குளோரோபாரம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். ஜூன் 16-இல் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 45. இலண்டனின் பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் அவர் மறைவைப் பற்றிச் சில வரிகளே எழுதியது. அதில் குளோரோபாரம் இருந்தது, காலரா இல்லை. 155 ஆண்டுகள் கழித்து, 2013-இல், அதே இதழ் தன் குறையை உணர்ந்து அவருக்கு முழுமையான இரங்கல் குறிப்பு வெளியிட்டது!

ஆனால் உண்மை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1866-இல் கிழக்கு இலண்டனில் காலரா பரவி, 5,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டாக்டர் ஃபார் இறப்புப் பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். இறப்புகள் ஒரே தண்ணீர்க் கம்பெனியின் எல்லைக்குள் குவிந்திருந்தன. கெட்ட காற்றை நம்பிய ஃபார், நண்பர் சொன்னதே சரி என்று அறிவித்தார். அதைக் கேட்க ஜான் ஸ்நோ உயிரோடு இல்லை. வைட்ஹெட் தம் வாழ்நாள் முழுவதும் ஸ்நோவின் படத்தைத் தம் அறையில் வைத்திருந்தார்.

காலராக் கிருமியை 1854-லேயே இத்தாலியில் ஃபிலிப்போ பாசினி உருப்பெருக்கியின் வழியே கண்டு எழுதியிருந்தார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1884-இல் கல்கத்தாவில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் அக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். அங்கே மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதைக் கண்டார். 1959-இல் அதே கல்கத்தாவில் நம் நாட்டு அறிஞர் சம்பு நாத் டே, அக்கிருமி குடலுக்குள் சுரக்கும் நஞ்சே நோயை உண்டாக்குகிறது என்று நிறுவினார். கிருமியைக் கண்ணால் காணாமலே அதன் வழியைக் கணக்கால் கண்டவர் ஜான் ஸ்நோ.

நாம் கற்க வேண்டியவை

பிராட் தெரு இப்போது பிராட்விக் தெரு எனப்படுகிறது. 1992-இல் அங்கே நினைவுச் சின்னமாக ஒரு பம்பை நிறுவினார்கள். அதற்குக் கைப்பிடி இல்லை. மது தொடாமல் வாழ்ந்த அவர் பெயரை அத்தெருவில் ஒரு மதுக்கடை தாங்கி நிற்பது வேடிக்கைதான்!

2020-இல் கொரோனா பரவியபோது, எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு நோய் என்று நாள்தோறும் படங்களில் பார்த்தோம். இன்று செயற்கைக் கோளும் கணினியும் ஒரு நொடியில் படம் வரைந்து தருகின்றன. அந்தப் படங்கள் அனைத்துக்கும் மூதாதை, ஸ்நோ கையால் வரைந்த அந்தத் தெருப்படம். ஆனால் கணினி செய்யாத ஒரு வேலை இன்னும் இருக்கிறது. கதவைத் தட்ட வேண்டும். துயரத்தில் இருப்பவரிடம் பணிவாகக் கேட்க வேண்டும். கணக்குக்கு ஒத்துவராத பத்துப் பேரை ஒதுக்கித் தள்ளாமல் தேடிப் போக வேண்டும். நாம் சொன்னது தவறென்று தெரிந்தால் வைட்ஹெட்டைப் போல மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபாரைப் போல எதிர்க்கருத்துடையவருக்கும் விவரம் கொடுக்க வேண்டும்.

கணக்கு நமக்கு எதற்கு, பூகோளம் நமக்கு எதற்கு என்று சலித்துக்கொள்ளும் தோழியர் நம்மிடையே உண்டு. வகுத்தல் கணக்கும் தெருப்படமும் சேர்ந்து எத்தனை உயிர்களைக் காத்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அந்த 83 என்ற எண்ணுக்குள் 83 பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீடுகளின் படிகளில் ஏறி இறங்கிய மருத்துவரை நாம் நினைவில் கொள்வோம். நம் தெருக் குழாயையும், அதனருகே தேங்கும் சாக்கடையையும் கண்டும் காணாததுபோல் கடந்து போகாதிருப்போம்.